சைலன்சர் ‘புஸ்’ என்றுதான் கேட்குமா? வாசகர் கேள்வி பதில்

சிறப்புப் படையணிகளின் அதிரடிகளைக் கதையாக்கும் திரைத்தொடர்கள், நாவல் வரிசைகள் பற்றிச் சென்ற இதழில் உங்கள் அபிப்பிராயத்தைக் கேட்டிருந்தோம். கிழக்கிலங்கையின் வாகரை தொடக்கம் பொத்துவில் வரை கடிதங்கள் குவிந்துவிட்டன. பாராட்டை விடக் குறைதான் அதிகம். இடம் கொண்ட மட்டும் பதில் தருகிறோம்.

செங்கலடி வாசகர்: சைலன்சர் பூட்டிய துவக்கால் சுட்டால் ‘புஸ்’ எண்டு ஒரு சத்தம். பக்கத்து அறையில் இருக்கிறவனுக்கும் கேட்பதில்லை. இது உண்மையா, கதை விடுகிறார்களா?

கதைதான். ஒரு துவக்கு வெடிக்கும்போது மூன்று சத்தங்கள் வருகின்றன. குழல் வாயிலிருந்து எரிவாயு பாய்ந்து வெளியேறும் சத்தம் முதலாவது. ரவை ஒலியை விட வேகமாகப் போவதால் காற்றைக் கிழிக்கும் ‘படார்’ இரண்டாவது. துவக்கின் உள்ளுறுப்புகள் பின்னே போய் முன்னே வந்து முட்டும் இரும்புச் சத்தம் மூன்றாவது. சைலன்சர் அடக்குவது முதலாவதை மட்டுமே. அதையும் முழுதாக அடக்காது. 20 முதல் 35 டெசிபல் வரை குறைக்கும், அவ்வளவுதான். 5.56 மி.மீ. விட்டமுள்ள ரவையைச் சுடும் துவக்கின் வெடிச்சத்தம் ஏறக்குறைய 165 டெசிபல் என்றால், நல்ல சைலன்சர் பூட்டியபின் 130, 135 என்று நிற்கும். 140 டெசிபலைத் தாண்டும் திடீர்ச் சத்தம் ஒரே தடவையில் செவியைப் பழுதாக்கும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட எல்லை. அந்த எல்லைக்குக் கீழே கொண்டுவந்து சுடுபவனின் காதைக் காப்பதும், வெடி எந்தத் திசையிலிருந்து வந்தது என்று எதிராளியைக் குழப்புவதும், வாய்ச்சுவாலையை மறைப்பதும்தான் அதன் உண்மையான பயன்.

இரண்டாவது சத்தத்தை ஒழிக்க ஒரே வழி ரவையின் வேகத்தைக் குறைப்பது. ஒலியின் வேகம் நம்முடைய வெயிலில் விநாடிக்கு ஏறக்குறைய 349 மீற்றர். 5.56 ரவை 900 மீற்றருக்கு மேல் போகும். ஆகவே விநாடிக்கு 300 மீற்றர் அளவில் போகும் கனத்த, மெதுவான ரவையைப் பயன்படுத்துவார்கள். சைலன்சரோடு சேர்த்தே செய்யப்பட்ட எம்.பி.5 எஸ்.டி. துவக்கில் குழலிலேயே துளைகள் இட்டு, சாதாரண 9 மி.மீ. ரவையையும் அந்த வேகத்துக்கு இறக்கிவிடுகிறார்கள். ஆனால் வேகம் குறைந்தால் தூரமும் தாக்கமும் குறையும். இந்தக் கணக்கை ஒரு பாத்திரமாவது வாய்விட்டுப் பேசினால் அந்தத் தொடரின் எழுத்தாளர் வீட்டுப்பாடம் செய்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

இதே கணக்கில் இன்னொரு குறை. 800 மீற்றரில் ஒருவனைக் குறிசூட்டுக்காரன் சுடுகிறான். திரையில் வெடிச்சத்தமும் அவன் விழுவதும் ஒரே கணத்தில் நடக்கின்றன. 7.62 ரவை அந்தத் தூரத்தைக் கடக்க ஏறக்குறைய ஒன்றரை விநாடி. துவக்கின் சத்தம் வந்து சேர 2.3 விநாடி. ஆக, அவன் விழுந்து முக்கால் விநாடிக்குப் பிறகுதான் பக்கத்தில் நிற்பவனுக்கு வெடி கேட்க வேண்டும். முதலில் ‘டிக்’ என்று கிழிபடும் சத்தம், பிறகு ‘டும்’. போரைக் கண்ட எந்த மட்டக்களப்பாரிடமும், அம்பாறையாரிடமும் கேளுங்கள், இரண்டுக்கும் இடையில் உள்ள நேரத்தை வைத்து வெடி கிட்டவா எட்டவா என்று சொல்வார்கள். ஹொலிவூட் ஒலிப்பதிவாளருக்கு அந்தப் பாடம் கிடைக்கவில்லை. அவர் செய்த புண்ணியம்.

கல்முனை வாசகர்: முதல் அரைமணி நேரம் வரைபடத்தைச் சுற்றி நின்று பேசுகிறார்கள். சரியான அறுவை. ஓட்டிவிட்டுச் சண்டையிலிருந்து பார்க்கிறேன். நட்டம் உண்டா?

உண்டு, அதுவும் பெருநட்டம். இந்த வகைத் தொடரில் நல்லதையும் கெட்டதையும் பிரிக்கும் இடமே அந்த அரைமணி நேரம்தான். சண்டையை எந்த ஸ்டண்ட் குழுவும் எடுத்துத் தரும். திட்டம் எங்கே பிசகும் என்று முன்கூட்டியே விதை போட்டு, பிறகு அதே இடத்தில் அதைப் பிசகவைப்பதற்கு எழுத்து வேண்டும்.

நடந்த சம்பவங்களைப் பாருங்கள். 1980 ஏப்ரல் 24, ஈரானில் பணயக் கைதிகளை மீட்க அமெரிக்கா போனது. எட்டு ஹெலிகொப்டர்கள் புறப்பட்டன. குறைந்தது ஆறு இருந்தால்தான் வேலை நடக்கும் என்பது திட்டம். தூசிப் புயலிலும் இயந்திரக் கோளாறிலும் மூன்று போய், ஐந்து மிஞ்சின. கைவிட்டுத் திரும்பும்போது ஒரு ஹெலி எரிபொருள் விமானத்தில் மோதி 8 பேர் இறந்தார்கள். ஒரு எதிரியும் ஒரு ரவையும் சுடவில்லை. அந்தத் தோல்வியிலிருந்துதான் இரவில் பறப்பதற்கென்றே தனி ஹெலிப் பிரிவும், 1987 இல் சிறப்புப் படைகளுக்கான தனிக் கட்டளையகமும் உருவாயின.

2011 மே 2, பாகிஸ்தானின் அபோதாபாத். பின்லாடன் இருந்த வளவைப் போலவே மாதிரி கட்டி ஒத்திகை பார்த்தார்கள். மாதிரியில் வெளிமதிலுக்குப் பதில் கம்பிவலை. உண்மையான இடத்தில் உயரமான கல்மதில். ஒத்திகையில் கம்பிவலைக்குள்ளால் வெளியேறிய ஹெலியின் கீழ்க்காற்று, இங்கே மதிலுக்குள் அடைபட்டு மேலே திரும்பிச் சுழன்றது. எதிர்பார்த்ததை விடச் சூடும் கூட. ஹெலி தூக்குவலுவை இழந்து வளவுக்குள் விழுந்தது. அப்படியிருந்தும் 40 நிமிடத்துக்குள் வேலை முடிந்தது. காரணம், ஒரு ஹெலி விழுந்தால் என்ன செய்வது என்பதும் திட்டத்தில் இருந்தது, மாற்று ஹெலிகளும் பக்கத்தில் காத்திருந்தன.

ஒரு கம்பிவலைக்கும் ஒரு மதிலுக்கும் உள்ள வித்தியாசம். இப்படியான ஒன்றைக் கதையில் கண்டுபிடிக்கிற எழுத்தாளருக்கு இருபது கார் வெடிக்கத் தேவையில்லை. அடுத்த முறை ஓட்டாமல் பாருங்கள். ‘எத்தனை மணிக்குப் போவோம்’ என்பதோடு ‘எது நடந்தால் திரும்பி வருவோம்’ என்பதையும் அந்தக் கூட்டத்தில் பேசுகிறார்களா என்று கவனியுங்கள். பேசாவிட்டால் உங்கள் விருப்பப்படி ஓட்டலாம்.

ஏறாவூர் வாசகர்: தனி ஒருவன் 40 பேரைச் சுட்டு வீழ்த்த முடியுமா?

முடியும். மற்ற 39 பேரும் தங்கள் முறை வரும்வரை பொறுமையாக நின்றால்.

நிந்தவூர் வாசகர்: அது கிடக்கட்டும், ரவைக் கணக்காவது சரியா? நான் எண்ணிப் பார்த்தேன், ஒரே ரவைக்கூட்டால் நாற்பதுக்கு மேல் போனது.

எண்ணிப் பார்ப்பதற்கு ஒரு பாராட்டு. எம்.4 துவக்கின் ரவைக்கூட்டில் 30 ரவை. அந்தத் துவக்கு நிமிடத்துக்கு 700 முதல் 950 வரை வெடிக்கும் வேகமுடையது. விசையை அழுத்திப் பிடித்தால் இரண்டு, இரண்டரை விநாடியில் கூடு காலி. திரையில் கதாநாயகன் பத்து விநாடி விடாமல் தெளிக்கிறான் என்றால் நாலு கூட்டை ஒன்றாக்கிச் சுடுகிறான் என்று அர்த்தம். பயிற்சி பெற்றவர்கள் அநேகமாக ஒவ்வொன்றாகவே சுடுவார்கள். காலியாகும் முன்னரே மறைவில் நின்று கூட்டை மாற்றுவார்கள். கூடு மாற்றும் இடத்தில் ‘மாற்றுகிறேன்’ என்று சொல்வதும், பக்கத்தில் நிற்பவன் அந்த இடைவெளியை மூடுவதும் வந்தால் அந்தக் காட்சிக்கு நல்ல ஆலோசகர் இருந்திருக்கிறார்.

பாரத்தையும் பாருங்கள். ஏழு ரவைக்கூடு ஏறக்குறைய மூன்றரைக் கிலோ. மார்புக்கும் முதுகுக்கும் பீங்கான் தகடு இரண்டும் சேர்ந்து 5 கிலோ. துவக்கு மூன்றரை. தலைக்கவசம், வானொலி, பற்றரி, தண்ணீர், மருந்துப் பை. ஒருநாள் வேலைக்கே மொத்தம் 25 கிலோவை எட்டிவிடும். ஒரு மூடை அரிசியை உடம்பில் கட்டிக்கொண்டு மதிலேறுவது போல. மதிலேறியவன் மூச்சு வாங்காமல் வசனம் பேசினால் அந்தத் தகடு ரெஜிபோமில் செய்தது.

காரைதீவு வாசகி: நான் ‘சீல் டீம்’ தொடரை விடாமல் பார்க்கிறேன். அதில் வீட்டுச் சண்டை, பிள்ளை பிரச்சினை எல்லாம் எதற்கு என்று எங்கட அண்ணா கத்துகிறார். எனக்கு அதுதான் பிடிக்கிறது. யார் பக்கம் நியாயம்?

உங்கள் பக்கம். அமெரிக்கக் கடற்படையின் சிறப்புப் படையான ‘சீல்’ பற்றி 2017 இல் தொடங்கி 2024 இல் ஏழாவது பருவத்தோடு முடிந்த தொடர் அது. பிற்பகுதியில் தலைவன் ஜேசன் ஹேயிஸுக்கு மறதியும் தலையிடியும் வருகிறதே, அதைக் கவனித்திருப்பீர்கள். கதவு தகர்க்கும் வெடி, தோளில் வைத்துச் சுடும் கனரக ஆயுதம் இவற்றின் அதிர்வலை மண்டையோட்டுக்குள் போய் மூளையை அசைக்கிறது. ஒரு தடவையில் ஒன்றும் தெரியாது. வருடக்கணக்கில், அதுவும் பெரும்பகுதி பயிற்சியிலேயே, சேர்ந்து சேர்ந்து நித்திரையின்மை, கோபம், மறதி என்று வெளிவருகிறது. வெளியில் காயமே இல்லாததால் வீட்டில் இருப்பவர்கள்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள். ஆக, வீட்டுக் காட்சி இல்லாமல் அந்தக் கதையைச் சொல்லவே முடியாது. அண்ணாவிடம் இதைச் சொல்லுங்கள். கத்தினால் அவருக்கும் ஒரு பரிசோதனை நல்லது.

ஓட்டமாவடி வாசகர்: இரவில் றப்பர் படகில் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டே கரைக்கு வந்து இறங்குகிறார்கள். காவலுக்கு நிற்பவன் திரும்பியும் பார்ப்பதில்லையே?

வாவியில் இரவு வலை போடுகிறவர்கள் இந்தக் காட்சிக்கு விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பொழுது பட்ட பிறகு தண்ணீருக்கு மேலே உள்ள காற்று குளிர்ந்துவிடும், அதற்கு மேலே உள்ளது சூடாகவே இருக்கும். அந்த இரண்டு காற்று அடுக்குக்கும் இடையில் ஒலி மேலே போகாமல் கீழ்நோக்கி வளைந்து வருகிறது. தடுக்க மரமோ வீடோ இல்லை. பகலில் கேட்காத தூரத்துப் பேச்சு இரவில் வாவியின் அக்கரையில் கேட்பது அதனால்தான். இயந்திரச் சத்தம் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

முறை இதுதான். கரைக்கு வெகுதூரத்தில் இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் துடுப்புப் போடுவார்கள். அலை உடைகிற இடத்துக்கு வெளியே படகுகள் நிற்கும். இரண்டு பேர் மட்டும் நீந்திப் போய்க் கரையைப் பார்த்து, ஆளில்லை என்று சைகை காட்டிய பிறகே மற்றவர்கள் வருவார்கள். அலை உடையும் இடத்தில் படகு குறுக்காகத் திரும்பினால் கவிழும். சண்டைக்கு முன்பே பாதிச் சாமான் கடலோடு போகும். மார்கழி வாடைக் காற்றில் நம்முடைய கரையில் இப்படி ஒரு காட்சி எழுதினால், எதிரியைச் சேர்க்காமலே ஒரு முழு அத்தியாயம் தேறும். 1983 ஒக்ரோபரில் கிரெனடாத் தீவு மீதான அமெரிக்கப் படையெடுப்பின்போது இரவில் கடலில் குதித்த சீல் படையினர் நால்வர் மூழ்கி இறந்தார்கள். அவர்களைக் கொன்றது கடல்தான்.

சம்மாந்துறை வாசகர்: விமானத்தின் பின்கதவு திறக்கிறது. ஒட்சிசன் முகமூடியைப் போடுகிறார்கள். உடனே குதிக்கிறார்கள். சரியா?

முகமூடி சரி, ‘உடனே’ பிழை. 30,000 அடியிலிருந்து குதிப்பவர்கள் அதற்கு முன் அரைமணி நேரத்துக்குக் குறையாமல் தூய ஒட்சிசனைச் சுவாசித்து இரத்தத்தில் உள்ள நைதரசனை வெளியேற்ற வேண்டும். இல்லாவிட்டால், ஆழக்கடலிலிருந்து வேகமாக மேலே வரும் சுழியோடிக்கு வருகிற அதே நோய் இவர்களுக்கும் வரும். இடையில் ஒருவன் முகமூடியைக் கழற்றி வசனம் பேசினால் அவன் கணக்கு முதலிலிருந்து தொடங்கும், அல்லது அவன் இறங்காமல் திரும்புவான். வெளியே குளிர் பூச்சியத்துக்குக் கீழே 44 பாகை. கையுறை இல்லாத விரல் பரசூட் கைபிடியை உணராது. ஏறக்குறைய இரண்டு நிமிடம் விழுந்து 4,000 அடி அளவில் பரசூட்டை விரிப்பார்கள். முகமூடிக்குள் நகைச்சுவை பேசும் காட்சியை மன்னித்துவிடலாம், குளிரில் நடுங்காத காட்சியை மன்னிக்க முடியாது.

அக்கரைப்பற்று வாசகி: இரவுக் காட்சியில் கண்ணாடிக் கருவியைப் போட்டதும் முகமெல்லாம் பச்சை வெளிச்சம். சுவருக்குப் பின்னால் நிற்பவனும் சிவப்பாகத் தெரிகிறான். எல்லாம் ஒரே கருவியா?

இரண்டு வேறு கருவிகளைக் கலந்துவிடுகிறார்கள். இரவுப் பார்வைக் கருவி இருக்கிற சொற்ப வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டும். நிலா, நட்சத்திரம், தூரத்து மின்குமிழ், ஏதாவது வேண்டும். யன்னல் அடைத்த இருட்டறையில் ஒன்றும் தெரியாது. அதனால்தான் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்கொன்றைத் துவக்கில் பூட்டுகிறார்கள். எதிரியிடமும் அதே கருவி இருந்தால் அந்த விளக்கே காட்டிக் கொடுத்துவிடும். நல்ல கதைக்கு இது ஒன்றே போதும், ஏனோ அதிகம் பேர் தொடுவதில்லை.

வெப்பக் கருவி உடற்சூட்டைக் காட்டும். ஆனால் சுவரை ஊடுருவாது. சாதாரண யன்னல் கண்ணாடியைக்கூட ஊடுருவாது. கண்ணாடிக்கு முன் நின்று பார்த்தால் உங்கள் சூடுதான் மங்கலாகத் திரும்பித் தெரியும். வாகனத்தின் கண்ணாடிக்குள்ளால் சாரதியை வெப்பக் கருவியில் பார்க்கும் காட்சி வந்தால் குறிப்பெடுத்து வையுங்கள், அது நிச்சயமான பிழை.

பச்சை வெளிச்சம் நடிகரின் முகம் தெரிவதற்காகப் பூட்டும் குட்டி விளக்கு. உண்மையில் கண்ணோடு ஒட்டிய இறப்பர் மூடி அந்தக் கசிவைத் தடுக்கும். இன்னொன்று, இரட்டைக்குழல் கருவியில் பார்வைப் பரப்பு 40 பாகைதான், நான்கு குழலில் 97. ஆகவே கருவி போட்டவன் தலையை ஓயாமல் இடமும் வலமும் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். படியில் இறங்கும்போது கீழே குனிந்து பார்க்க வேண்டும். ஆழமும் சரியாகத் தெரியாது. படிக்கட்டில் குதித்தோடுகிறவன் இரண்டாம் படியிலேயே பல்லை விட்டிருப்பான். நம்முடைய மாரி மாதத்தில் மூச்சின் ஈரமே வில்லையில் படிந்து புகைமூட்டம் போட்டுவிடும்.

களுவாஞ்சிகுடி வாசகர்: தோளில் குண்டு பட்டால் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு அடுத்த காட்சியில் சண்டைக்கு வந்துவிடுகிறார்கள். தொடையில் பட்டால் இடுப்புப் பட்டியைக் கழற்றிக் கட்டுகிறார்கள். இதில் எதை நம்புவது?

தோளை நம்ப வேண்டாம். காறையெலும்புக்குக் கீழே கைக்குப் போகும் பெரிய நாடியும் நரம்புக் கொத்தும் கிடக்கின்றன, கொஞ்சம் தள்ளினால் நுரையீரல். அதில் பட்டவனுக்குக் கை தூக்கவே வராது. கத்தியைச் சூடாக்கி ரவையைத் தோண்டி எடுப்பதும் வேண்டாத வேலை. ரவை உள்ளே கிடப்பதால் உடனே ஆள் போவதில்லை, இரத்தம் போவதால்தான் போகிறான். தோண்டினால் இன்னும் போகும்.

தொடை விடயத்தில் எண்ணம் சரி, செய்முறை பிழை. தொடையின் பெரிய நாடி அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போகும். அதற்குத்தான் டூர்னிக்கே என்னும் இறுக்குப்பட்டி. காயத்துக்கு 5 முதல் 7 சென்ரிமீற்றர் மேலே, மூட்டின் மேல் படாமல், அதில் உள்ள தண்டைத் திருகித் திருகி இரத்தம் நிற்கும்வரை இறுக்க வேண்டும். சரியாக இறுக்கினால் காயத்தை விட அது நோகும்; நோகவில்லையென்றால் வேலை செய்யவில்லை. நிற்காவிட்டால் அதற்கு மேலே இரண்டாவது பட்டி. கட்டிய நேரத்தை எழுதி வைக்க வேண்டும். இடையிடையே தளர்த்திவிடும் பழைய பழக்கம் கூடாது, ஆஸ்பத்திரியில்தான் கழற்ற வேண்டும். இடுப்புப் பட்டியைக் கையால் இழுத்துக் கட்டினால் போதிய இறுக்கம் வராது. அகலமான துணியும் திருக ஒரு தடியும் அதைவிட நல்லது. பெரும்பாலான காயங்களுக்குச் சுத்தமான துணியை வைத்து இரண்டு கையாலும் விடாமல் அழுத்துவதே போதும். வீதி விபத்திலும் இதேதான், கூடவே அம்புலன்ஸ் இலக்கமான 1990 க்கு அழையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு வயலில் பாம்பு கடித்தவனுக்கு இறுக்கிக் கட்டிவிடாதீர்கள். பாம்புக்கடிக்கு இறுக்குக் கட்டும் கூடாது, வெட்டி உறிஞ்சுவதும் கூடாது. கடிபட்ட இடத்தை அசைக்காமல் வைத்து நேரே ஆஸ்பத்திரிக்கு.

ஆரையம்பதி வாசகர்: கைக்குண்டு வெடித்தால் நெருப்புக் கோளம் எழும்புகிறதே?

அது பெற்றோல். படப்பிடிப்புக் குழு வைத்தது. சாதாரணக் கைக்குண்டு புழுதியும் கரும்புகையுமாக ஒரு ‘டமார்’, அவ்வளவுதான். வேலையைச் செய்வது கண்ணுக்குத் தெரியாத சிதறல். அமெரிக்க எம்.67 குண்டில் 5 மீற்றருக்குள் உயிர் தப்புவது அரிது, 15 மீற்றர் வரை காயம். மேசையைக் கவிழ்த்து அதன் பின்னால் படுப்பவன் மேசையோடு போவான்.

காத்தான்குடிப் பல்கலைக்கழக மாணவி: எந்தத் தொடரைப் போட்டாலும் வில்லனுக்குத் தாடி, பின்னணியில் பாங்கு. பார்க்கவே வெறுப்பாக இருக்கு. இதற்கு மாற்று இல்லையா?

உங்கள் வெறுப்பு நியாயமானது. இந்த வகைக் கதைகளில் வில்லனைத் தெரிவு செய்வது செய்தித்தாள். ஒரு காலத்தில் சோவியத் உளவாளி, பிறகு கொலம்பியப் போதைப்பொருள் வியாபாரி, 2001 க்குப் பிறகு நீங்கள் சொல்லும் தாடி. எழுத்தாளரின் சோம்பலை அளக்க ஒரு வழி சொல்கிறோம். வில்லன் தரப்பில் ஒருவராவது கட்டளையிடாமல் சாதாரணமாக ஒரு விடயம் பேசுகிறாரா? அந்த ஊர்ச் சனங்கள் ஓடி ஒளிவதைத் தவிர வேறு ஏதாவது செய்கிறார்களா? அவர்கள் பேசும் மொழி அந்த ஊர் மொழிதானா? ஈராக்கில் நடக்கும் கதையில் மொரோக்கோ அரபு பேசினால் நமக்குத் தெரியாமல் போகலாம், அரபு தெரிந்தவருக்கு முதல் வரியிலேயே பிடிபடும்.

நமக்குத் தெரிந்த உதாரணமும் உண்டு. ‘த பமிலி மான்’ என்ற இந்தியத் தொடரின் இரண்டாம் பருவம் 2021 ஜூனில் வந்தது. ஈழத்தமிழரைத் தவறாகக் காட்டுகிறது என்று அதற்கு முந்திய மாதமே தமிழ்நாட்டு அரசு தடை கேட்டு மத்திய அரசுக்கு எழுதியது. தடை தேவையில்லை என்பது எங்கள் நிலைப்பாடு. பார்த்துவிட்டுத் திட்டுவதுதான் பலமான திட்டு. ஆனால் திரையில் ஈழத்தமிழ் என்று வருவது பெரும்பாலும் யாழ்ப்பாணப் பேச்சின் அரைகுறைப் போலி. மட்டக்களப்புப் பேச்சுக்கு இன்னும் இடமே கிடைக்கவில்லை. உங்கள் எரிச்சலும் எங்கள் எரிச்சலும் ஒரே காரணத்தால் வருகின்றன: கேட்டு எழுத ஆள் வைக்கவில்லை.

திருக்கோவில் வாசகர்: சில தொடர்களில் இராணுவம் ஒரு பிழையும் விடுவதே இல்லை. ஏன்?

ஹெலியை யார் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் திரைப்படக்காரர்களுக்கு உண்மையான ஹெலி, கப்பல், முகாம் எல்லாம் கொடுத்துதவும். அதற்கு முதலில் திரைக்கதையைக் கொடுக்க வேண்டும். பிடிக்காத இடத்தை மாற்றச் சொல்வார்கள்; மாற்றாவிட்டால் உதவி இல்லை. ஒப்பந்தம்தான், ஒளிவுமறைவு இல்லை. முடிவில் ஓடும் நன்றிப் பட்டியலை வாசிக்கும் பழக்கம் இருந்தால் பாதி விளங்கும்.

வாழைச்சேனை வாசகர்: நாவல் வரிசைகளை எந்த ஒழுங்கில் படிப்பது? ஒரு நாவலில் நடுவே வரிகளைக் கறுப்பு மையால் அழித்திருக்கிறார்கள், அச்சுப் பிழையா?

வெளிவந்த ஆண்டின் ஒழுங்கிலேயே படியுங்கள். கதைநாயகனின் இளமைக்காலக் கதை ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோ வந்திருந்தால் அதையும் அந்த இடத்திலேயே வையுங்கள். முதல் நாவல் படித்தவருக்குத்தான் அது எழுதப்பட்டது.

கறுப்பு வரிகள் அச்சுப் பிழையல்ல. இரகசியத் தகவல்களைக் கையாண்ட முன்னாள் படையினர் புத்தகம் எழுதினால், கற்பனை நாவலானாலும், பாதுகாப்புத் திணைக்களத்தின் பரிசீலனைக்குக் கொடுக்க வேண்டும். முன்னாள் சீல் அதிகாரி ஜாக் கார் 2018 இல் வெளியிட்ட ‘த டெர்மினல் லிஸ்ட்’ நாவலில் அவர்கள் அழித்த வரிகளை அப்படியே கறுப்பாக அச்சிட்டுவிட்டார். நீங்கள் வாசித்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும். விற்பனைக்கு நல்ல உத்தி என்பதையும் மறுப்பதற்கில்லை.

பாண்டிருப்பு வாசகர்: கதாநாயகன் மட்டும் ஏன் தலைக்கவசம் போடுவதில்லை?

சம்பளம் முகத்துக்குத்தானே.

மட்டக்களப்பு, கல்லடி வாசகி: தொடரில் ஹெலிச் சத்தம் வந்தால் எங்கட அம்மம்மா எழும்பி அறைக்குள் போய்விடுவார். மகன் ஏ.எல். படிக்கிறான், அவனுக்கு இந்தத் தொடர்தான் உயிர். என்ன செய்ய?

மகனுக்கு ஒரு ஹெட்போன் வாங்கிக் கொடுங்கள். கூடத்து ரிவியில் பார்ப்பதை நிறுத்தட்டும். அம்மம்மாவிடம் ‘அது வெறும் படம்தானே’ என்று விளக்கம் சொல்ல வேண்டாம், படம் என்று அவருக்கும் தெரியும். சோதனைக்கு எத்தனை மாதம் இருக்கிறது என்பதை மகனிடம் நீங்களே கேளுங்கள்.

பொத்துவில் வாசகர்: இரவுக் காட்சிகள் போனில் ஒரே கறுப்பாக, சதுரம் சதுரமாகத் தெரிகின்றன. பேச்சு கேட்காது, வெடி மட்டும் காதைக் கிழிக்கும். போன் பழுதா?

போனில் பிழையில்லை. டேட்டா குறையும்போது படத்தைச் சுருக்கி அனுப்புகிறார்கள். சுருக்கும்போது முதலில் பலியாவது இருட்டுப் பகுதியின் நுணுக்கம். பல சாயல் கறுப்பை ஒரே கறுப்பாக்கிவிடும், அதுதான் சதுரம். நேரடியாகப் பார்க்காமல், வைபை உள்ள இடத்தில் உயர் தரத்தைத் தெரிவு செய்து இறக்கிவைத்துப் பாருங்கள். நெற்பிளிக்ஸில் உயர் தரத்துக்கு மணிக்கு 3 ஜி.பி. வரை போகும், நடுத்தரத்துக்கு முக்கால் ஜி.பி. அளவில் முடியும். இரவுக் காட்சி குறைந்த தொடருக்கு நடுத்தரமே போதும். போனின் தானியங்கி வெளிச்சத்தை அணைத்து, அறை விளக்கையும் அணையுங்கள். பகலில் வெளி விறாந்தையில் இருந்து பார்த்தால் எந்தத் தரமும் உதவாது.

சத்தத்துக்குக் காரணம், ஆறு ஒலிபெருக்கிக்குப் பிரித்த ஒலியை இரண்டுக்குள் அடைப்பது. பேச்சுக்கென்று இருந்த நடு ஒலிபெருக்கி மற்றவற்றோடு கலந்து அமுங்கிப் போகிறது. ஒலித்தெரிவில் ‘5.1’ என்று இருந்தால் ‘ஸ்டீரியோ’வுக்கு மாற்றுங்கள். ரிவியில் ‘நைட் மோட்’ இருந்தால் போடுங்கள், அது வெடியை அடக்கிப் பேச்சை உயர்த்தும். அதிலும் சரிவராவிட்டால் வசன எழுத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். மூச்சுக்குள் பேசும் நடிகர்களுக்கு அமெரிக்காவிலேயே அதைத்தான் செய்கிறார்கள்.